அவுட் ஆனவர் எங்கே போகிறார்? பேஸ்பால் ஆட்டமிழப்பும் அதைக் குழந்தைகளுக்கு விளக்கும் வழிகளும்

பேஸ்பாலில் ஒருவர் எப்படி அவுட் ஆகிறார் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? கேள்வி சின்னதுதான். விடை சொல்லிப் பார்த்தவர்களின் வரிசை மட்டும் நீளமானது. 1744-இல் லண்டனில் ஜான் நியூபெரி வெளியிட்ட சிறுவர் நூலிலேயே பேஸ்பால் என்ற பெயரில் ஒரு விளையாட்டு வருகிறது. 1796-இல் ஜெர்மன் உடற்கல்வி ஆசிரியர் குட்ஸ்மூத்ஸ், இளையோர் விளையாட்டுகளைத் தொகுத்த நூலில் ‘ஆங்கில பேஸ்பால்’ விதிகளை எழுதிவைத்தார். அதாவது இந்த ஆட்டத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளே பிள்ளைகளை முன்னிட்டு எழுந்தவை. பெரியவர்களின் சங்கங்களும் சட்டதிட்டங்களும் அதற்குப் பின்னால் வந்தவை.

இக்கட்டுரை விருத்தாசலம் போன்ற ஓர் ஊரின் பிள்ளையை மனத்தில் வைத்து அந்த விடைகளைப் பரிசீலிக்கிறது. பேஸ்பால் மைதானத்தை அந்தப் பிள்ளை நேரில் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அவுட் என்பது அதற்குப் புதிதல்ல. கிரிக்கெட்டில் ஒருவிதம், கபடியில் வேறுவிதம், கிட்டிப்புள்ளில் மற்றொருவிதம். பாண்டி ஆட்டத்தில் சில்லு கோட்டின்மேல் விழுந்தால் அவுட். நொண்டும் கால் கோட்டை மிதித்தாலும் அவுட். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் உள்ள ஊரில் சில்லுக்குப் பஞ்சம் இருக்காது. ஆனால் கிளேஸ் ஏறிய பீங்கான் துண்டு சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். சொரசொரப்பான ஓட்டாஞ்சில்லுதான் போட்ட கட்டத்தில் நிற்கும். எது அவுட், எதனால் அவுட் என்ற கணக்கை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த பிள்ளையிடம் எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் சிக்கல்.

விதிப்புத்தகத்தின் வழி

பெரும்பாலான சிறுவர் கையேடுகள் பட்டியலைத்தான் நீட்டுகின்றன. அதைச் சுருக்கினால் இப்படி வரும். அணிக்கு 9 பேர். ஓர் அணி பேட் செய்யும், மற்றது தடுக்கும். பேட் செய்யும் அணிக்கு 3 அவுட் விழுந்ததும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இப்படி 9 இன்னிங்ஸ். ஆக, ஓர் அணியின் கையில் இருப்பது 27 அவுட்.

அவுட் விழும் வழிகளில் முக்கியமானவை நான்கு. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். வீசி அடித்துத் தவறினாலும் ஸ்ட்ரைக், அடிக்கக்கூடிய பந்தைச் சும்மா விட்டாலும் ஸ்ட்ரைக். அடித்த பந்தைத் தரையில் படுமுன் பிடித்தால் அவுட். அது கோட்டுக்கு வெளியே போன ஃபவுல் பந்தானாலும் சரி. அடித்துவிட்டு ஓடுகிறவர் முதல் பேஸை (ஓட்டத்தில் நின்று போகும் இடங்களில் முதலாவதை) எட்டுமுன் பந்து அங்கே போய்ச் சேர்ந்து, பந்தை வைத்திருப்பவர் பேஸை மிதித்துவிட்டால் அவுட். பேஸை விட்டு வெளியே நிற்கும் ஓட்டக்காரரைப் பந்தோடு தொட்டாலும் அவுட்.

இதுவரை தகராறில்லை. சில நேரம் பேஸை மிதித்தாலே போதும், சில நேரம் ஆளையே தொட வேண்டும் என்ற இடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பட்டியல் இதை இரண்டு தனி விதிகளாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. உண்மையில் இரண்டும் ஒரே விதியிலிருந்து கிளைப்பவை: ஒரு பேஸில் ஒருவருக்குத்தான் இடம்.

முதல் பேஸில் ஒருவர் நிற்கிறார் என்று கொள்வோம். பேட்டர் தரையோடு பந்தை அடிக்கிறார். அடித்தவர் முதல் பேஸுக்கு ஓடி வந்தே ஆக வேண்டும். அப்படியானால் அங்கே நிற்பவர் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். திரும்பிப் போக அவருக்கு இடமில்லை. போவதற்கு ஒரே இடம் இரண்டாம் பேஸ். எங்கே போவார் என்பது முடிவாகிவிட்டதால் அவரைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. போய்ச் சேரவேண்டிய இடத்தில் பந்து முந்திக்கொண்டால் போதும். இதுதான் ஃபோர்ஸ் அவுட். பின்னால் நெருக்குகிறவர் யாரும் இல்லையென்றால், ஓட்டக்காரர் முன்னேயும் ஓடலாம், பின்னேயும் வரலாம். எங்கே போவார் என்று தெரியாதவரை ஆளைத் தொட்டுத்தான் அவுட் செய்ய முடியும். இதுதான் டேக்.

இதே காட்சியில் வரிசையை மட்டும் மாற்றிப் பார்த்தால் விளங்கிவிடும். தடுப்பவர் பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிகிறார். அங்கிருந்து பந்து முதல் பேஸுக்குப் பறக்கிறது. இரண்டு அவுட், யாரையும் தொடவில்லை. மாறாக, முதல் பேஸில் நிற்கும் தடுப்பாளரே பந்தை எடுத்துத் தன் பேஸை முதலில் மிதித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடித்தவர் அவுட். இப்போது முன்னால் ஓடுகிறவரை நெருக்க ஆளில்லை. முதல் பேஸ் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆகவே இரண்டாம் பேஸில் அவரைத் தொட்டே ஆக வேண்டும். பந்தும் அதே பந்து, ஆட்களும் அதே ஆட்கள். எந்த அவுட் முதலில் விழுந்தது என்பது மட்டும் அடுத்த அவுட்டின் தன்மையை மாற்றிவிடுகிறது.

பட்டியல் முறையின் பெரிய பலவீனம் இங்கே வெளிப்படுகிறது. விதிகளின் பெயரைச் சொல்கிறது, அவற்றுக்கிடையேயான உறவைச் சொல்வதில்லை. ‘இன்ஃபீல்டு ஃப்ளை’ விதி இதற்கு நல்ல உதாரணம். முதல் இரண்டு பேஸ்களிலோ மூன்று பேஸ்களிலுமோ ஆள் இருந்து, இரண்டு அவுட் இன்னும் விழாத நிலையில், உள்களத்தில் எளிதாகப் பிடிக்கக்கூடிய பந்து உயர எழுந்தால், பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட். பட்டியலில் படிக்கும் பிள்ளைக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஃபோர்ஸ் அவுட் புரிந்த பிள்ளைக்கோ காரணம் தானாகவே தெரியும்: தடுப்பவர் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டால், ‘பிடித்துவிடுவார்’ என்று பேஸிலேயே நின்றுவிட்ட இருவரை ஒரே வீச்சில் அவுட் செய்துவிடலாம். 1890-களில் வந்த இந்த விதி அந்தத் தந்திரத்துக்குப் போட்ட பூட்டு. அமெரிக்கச் சட்டவியலாளர்களுக்கே இது பிடித்துப்போய், 1975-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்ட இதழில் இதன் தோற்றத்தைப் பொதுச் சட்டத்தின் வளர்ச்சியோடு ஒப்பிட்டு ஒரு குறிப்புக் கட்டுரை வந்தது. பாதி விளையாட்டாக எழுதப்பட்ட அதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

கிரிக்கெட் வழியாகச் சொல்வது

இந்தியாவில் பேஸ்பாலை விளக்க முனையும் எவரும் முதலில் எடுப்பது கிரிக்கெட்டைத்தான். கேட்ச் என்றால் கேட்ச், ரன் அவுட் என்றால் ரன் அவுட், பிட்சர்தான் பவுலர். தொடங்குவதற்கு இது வசதியானது. பிட்சர் நிற்கும் தூரம் 18.44 மீட்டர், கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர், கண்ணுக்கும் இரண்டும் நெருங்கியவையாகவே தெரியும். முதல் பேஸுக்குப் பந்து முந்துவதை ‘ஸ்டம்புக்குப் பந்து முந்தியது’ என்று சொன்னால் பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

ஆனால் இந்த ஒப்பீடு போகப்போகக் கால்வாருகிறது. கிரிக்கெட்டில் அடித்துவிட்டு ஓடாமல் நிற்கலாம். பேஸ்பாலில் கோட்டுக்குள் அடித்தால் ஓடியே ஆக வேண்டும். கிரிக்கெட்டில் காப்பாற்றப்பட வேண்டியது ஸ்டம்பு. பேஸ்பாலில் பேட்டருக்குப் பின்னால் காக்க எதுவும் இல்லை, நடுவர் மனத்தால் வரையும் ஒரு கட்டம்தான் உண்டு.

ஓட்டக்காரர் பந்து வீசுமுன் கிளம்புவது பற்றிய பார்வையும் நேர்மாறானது. 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஐபிஎல் ஆட்டத்தில் பந்து வீசுமுன் கோட்டைத் தாண்டிய ஜோஸ் பட்லரை நம் அஸ்வின் ரன் அவுட் செய்தபோது உலகமே இரண்டுபட்டது. 1947-இல் வினு மன்கட் சிட்னியில் பில் பிரவுனை அப்படி அவுட் செய்ததிலிருந்தே அந்தச் சண்டை ஓயவில்லை. 2022-இல்தான் கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி அதை ‘நியாயமற்ற ஆட்டம்’ பற்றிய 41-ஆம் விதியிலிருந்து எடுத்து ரன் அவுட்டுக்குரிய 38-ஆம் விதியில் சேர்த்தது. பேஸ்பாலில் இது அன்றாட நடப்பு. ஓட்டக்காரர் நாலடி முன்னே வந்து நிற்பதும், பிட்சர் திடீரென்று அந்தப் பேஸுக்கு எறிந்து அவரை மடக்குவதும் ஆட்டத்தின் சுவைகளில் ஒன்று. யாரும் முகம் சுளிப்பதில்லை. இருந்தாலும் சின்னப் பிள்ளைகளின் லிட்டில் லீக் ஆட்டங்களில் பந்து பேட்டரை எட்டும்வரை ஓட்டக்காரர் பேஸை விடக்கூடாது என்று கட்டிவைத்திருக்கிறார்கள். அஸ்வின் பக்கம் நின்றவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. கிரிக்கெட்டில் அவுட் ஆனவருக்கு அந்த இன்னிங்ஸ் முடிந்தது. பேஸ்பாலில் அவுட் ஆனவர் பெஞ்சில் போய் உட்கார்கிறார். ஒன்பது பேர் வரிசையில் அவர் முறை வந்ததும் மறுபடி மட்டையோடு வருகிறார். கிரிக்கெட் கண்ணோடு பார்க்கும் பிள்ளைக்கு இது அழுகுணி ஆட்டமாகத்தான் படும். அவுட் ஆன ஆள் எப்படித் திரும்ப வரலாம்? திருமுதுகுன்றத்து மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைச் சுந்தரர் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது விருத்தாசலத்தின் கதை. அவருக்குக் கிடைத்தது; கபடியில் இருக்கும் விடையைக் கிரிக்கெட்டில் தேடுகிறவருக்குக் கிடைக்கப்போவதில்லை.

தெருவில் பிழைத்திருக்கும் பழைய விதிகள்

கபடிக்குப் போகுமுன் தெருவைப் பார்த்துவிடலாம். இன்றைய தொழில்முறை பேஸ்பால் கைவிட்ட சில விதிகள் நம் தெருக்களில் உயிரோடு இருக்கின்றன.

1845-இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் எழுதிவைத்த விதிகளில், அடித்த பந்தை நேராகப் பிடித்தாலும், ஒரு முறை தரையில் குத்தி எழும்பியபின் பிடித்தாலும் அவுட். நம் பிள்ளைகள் சொல்லும் ‘ஒன் பிட்ச் கேட்ச்’ இதுவேதான். அதை எடுத்துவிடுவது பற்றி அமெரிக்கச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடின. குத்தி எழும் பந்தைப் பிடிப்பது சிறுபிள்ளை விளையாட்டு, ஆண்மைக்கு அழகல்ல என்பது ஒரு கட்சி. வெறுங்கையால் பந்தைப் பிடித்த காலத்தில் விரல் தப்ப அது தேவை என்பது மறுகட்சி. 1864 டிசம்பரில் முதல் கட்சி வென்று, மறு ஆண்டிலிருந்து கோட்டுக்குள் அடித்த பந்துக்கு நேர்க் கேட்ச் மட்டுமே செல்லுபடியானது. நம் சந்துகளில் அந்த விதி இருப்பதற்குக் காரணம் வேறு: இடம் குறுகல், பந்து பெரும்பாலும் சுவரில் பட்டுத் திரும்பும், ஒரே ஆள் மணிக்கணக்கில் பேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் மற்றவர்களுக்கு முறை வராது. ஒரே விதியை இரு இடங்களில் இரு தேவைகள் பெற்றெடுத்திருக்கின்றன.

இரண்டாவது, ஓடுகிறவர்மேல் பந்தை எறிந்து அவுட் செய்வது. ஏழு கல் ஆடியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அடுக்கும்முன் முதுகில் ஒன்று விழும். இலங்கையின் பள்ளிகளில் தமிழ், சிங்களப் பிள்ளைகள் இருசாராரும் ஆடும் ‘எல்லே’ ஆட்டத்தில் இது இன்றும் முறையான விதி. பேட்டருக்கு அடிக்க மூன்று வாய்ப்பு. ஓடும்போது பந்து உடம்பில் பட்டால் அவுட். பழைய அமெரிக்க ஆட்டங்களிலும் அப்படித்தான். நிக்கர்பாக்கர் விதிகள் அதைத் தடுத்தன. 1837-இலேயே நியூயார்க்கின் வேறொரு சங்கம் அதை நீக்கிவிட்டது என்று அதன் உறுப்பினராக இருந்த வில்லியம் வீட்டன் 1887-இல் ஒரு செய்தித்தாளிடம் சொன்னார். வரலாற்றாசிரியர் ஜான் தார்ன் போன்றோர் அந்தச் சான்றைப் பெரிதும் மதிக்கிறார்கள். ஆனால் பேஸ்பாலின் மற்றொரு வடிவமான மாசசூசெட்ஸ் ஆட்டத்தின் 1858 விதிகளில் எறிந்து அவுட் செய்வது தொடர்ந்தது. அங்கே ஒரே ஒரு அவுட் விழுந்தால் இடம் மாற வேண்டும். 100 எண்ணிக்கை எடுக்கும் அணி வெல்லும்.

எறிவது போனதால்தான் கெட்டியான பந்து வந்ததா, கெட்டியான பந்து வந்ததால் எறிவது போனதா? முதல் விளக்கமே வழக்கமாகச் சொல்லப்படுவது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். எப்படியானாலும், டேக், ஃபோர்ஸ் அவுட் இரண்டுமே எறிவதற்கு மாற்றாக எழுந்து நிலைபெற்றவை என்று கொள்ள இடமுண்டு. ஏழு கல் ஆடும் பிள்ளையிடம் “எறியக்கூடாது, தொட வேண்டும், தொட முடியாவிட்டால் போகுமிடத்தில் முந்த வேண்டும்” என்று சொன்னால் இருநூறு ஆண்டு வரலாற்றை ஒரே மூச்சில் சொன்னதாகிவிடும்.

மூன்றாவது, மூன்று வாய்ப்பு. கிட்டிப்புள்ளில் புள்ளைக் கிளப்பி அடிக்கப் பல ஊர்களில் மூன்று முறை தருவார்கள். பறக்கும் புள்ளை எதிரணி பிடித்துவிட்டால் அவுட். தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்தபோது கிட்டிப்புள்ளின் வகைகளையும் விவரித்திருக்கிறார். பேஸ்பாலின் மூன்று ஸ்ட்ரைக்கோடு இதற்கு வம்சத் தொடர்பு உண்டென்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் ஒரு புதிர் இதனால் விடுபடுகிறது. மூன்றாம் ஸ்ட்ரைக் பந்தை, பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் பிடிக்கத் தவறினால், முதல் பேஸ் காலியாக இருந்தாலோ ஏற்கெனவே இரண்டு அவுட் விழுந்திருந்தாலோ, பேட்டர் அவுட் ஆகாமல் ஓடலாம் என்ற விதி எங்கிருந்து வந்தது? குட்ஸ்மூத்ஸ் விவரித்த ஆட்டத்தில் மூன்றாம் முறை அடித்தாலும் தவறினாலும் பேட்டர் ஓட வேண்டும். தொடக்கத்தில் மூன்றாம் தவறு அவுட்டே அல்ல, ‘போதும், ஓடு’ என்ற அறிவிப்பு. அதன் எச்சம்தான் இன்றைய விதி என்று ஆய்வாளர் ரிச்சர்ட் ஹெர்ஷ்பெர்கர் வாதிடுகிறார். இந்த வாதம் நம்பத்தக்கதாகவே இருக்கிறது.

சஞ்சீவனி, காமினி, அமர்

மேலே சொன்ன வழிகள் எல்லாம் ‘எப்படி அவுட்?’ என்பதற்கே விடை தேடுகின்றன. ‘அவுட் ஆனபின் என்ன?’ என்பதை நேராக எடுத்துக்கொண்டு வகைப்படுத்தியது கபடி. 1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவாகி விதிகள் ஒருமுகப்படுவதற்கு முன் இந்த ஆட்டம் மூன்று வடிவங்களில் வழங்கியதாக விளையாட்டு நூல்கள் குறிக்கின்றன.

சஞ்சீவனியில் எதிரணியில் ஒருவர் விழுந்தால் நம் அணியில் விழுந்த ஒருவர் உயிர்பெறுவார். இன்று நாம் காணும் கபடி இதன் வழி வந்தது. காமினியில் உயிர்பெறுதல் கிடையாது. விழுந்தவர் அணி முழுவதும் விழும்வரை வெளியேதான். அமரில் விழுந்தவர் களத்தை விட்டே போவதில்லை. எதிரணிக்குப் புள்ளி மட்டும் ஏறும்.

ஆட்டமிழப்புப் பற்றி இவ்வளவு தெளிவான வகைப்பாடு மேலைநாட்டு விளையாட்டு நூல்களில் எளிதில் கிடைப்பதில்லை. கிரிக்கெட் காமினி வகை. கோ-கோவில் ஓடுகிறவர்கள் மூவர் மூவராக இறங்கி, மூவரும் விழுந்தபின் அடுத்த மூவர் வருவதும் காமினியின் ஒரு சாயல்தான். பேஸ்பால் அமருக்கு நெருக்கம். ஆள் அழிவதில்லை; அணியின் கணக்கில் ஒன்று குறைகிறது. “இது அமர் கபடி மாதிரி, அவுட் ஆளுக்கு இல்லை, அணிக்கு” என்ற ஒரு வாக்கியம் கிரிக்கெட் ஒப்பீட்டின் பெரிய ஓட்டையை அடைத்துவிடுகிறது.

முழுக்க அடைத்துவிடுகிறது என்றும் சொல்வதற்கில்லை. பேஸில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவுட் ஆனவர் களத்தை விட்டு இறங்கத்தான் வேண்டும். அந்தச் சுற்றில் அவர் பட்ட பாடு வீண். மூன்றாவது அவுட் விழும்போது மூன்றாம் பேஸ்வரை வந்து காத்திருப்பவரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அந்தக் கணத்தில் மட்டும் பேஸ்பால் காமினியாகிவிடுகிறது. மேலும், இன்று அமர் வடிவத்தை ஆடிப் பார்த்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? தொலைக்காட்சிக் கபடி அவர்களுக்குக் கற்றுத்தருவது சஞ்சீவனியை.

அவுட் ஒரு கையிருப்பு

20-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வேறொரு விடை கணிதப் பக்கமிருந்து வந்தது. பேஸ்பாலில் ஆட்டத்தை முடிக்கும் கடிகாரம் இல்லை, அவுட்தான் கடிகாரம். 27 அவுட் என்பது செலவழிக்கக் கொடுக்கப்பட்ட கைப்பணம். 1963-இல் கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் லிண்ட்சி, பேஸ்களில் ஆள் நிற்கும் 8 நிலைகளையும் 3 அவுட் நிலைகளையும் பெருக்கி 24 கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் அந்த இன்னிங்ஸில் சராசரியாக எத்தனை ரன் வரும் என்று கணித்தார். அவுட் விழாமல் முதல் பேஸில் ஆள் இருந்தால் சுமார் 0.8 ரன். ஒரு அவுட்டைத் தியாகம் செய்து அதே ஆளை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினால் சுமார் 0.7. பல தலைமுறைப் பயிற்சியாளர்கள் புத்திசாலித்தனம் என்று போற்றிய தியாக ஆட்டம் சராசரிக் கணக்கில் நட்டம். பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸும், ‘மறைந்திருக்கும் பேஸ்பால்’ பற்றி 1984-இல் எழுதிய தார்னும் பீட் பால்மரும் இந்தப் பார்வையைப் பரப்பினார்கள்.

நம்மவர்களுக்கு இது அந்நியமல்ல. மழை குறுக்கிட்டால் மீதமுள்ள ஓவரையும் விக்கெட்டையும் சேர்த்துக் கையிருப்பாக எண்ணுவது டக்வர்த்-லூயிஸ் முறை. கேரளத்தைச் சேர்ந்த வி. ஜெயதேவன் வகுத்த விஜேடி முறையின் பெயரைத் தமிழ்நாடு பிரீமியர் லீக் பார்ப்பவர்கள் கேட்டிருப்பார்கள்.

ஆனால் சராசரி, ஒரு குறிப்பிட்ட பந்தில் என்ன செய்வது என்பதை முடிவுசெய்துவிடாது. கடைசி இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் போதும் என்றால் தியாகம் சரியாகவும் இருக்கலாம். பிள்ளைகளைப் பொறுத்தவரை வேறொரு குறையும் உண்டு. பத்து வயதுப் பிள்ளை மூன்று முறை வீசித் தவறி, எல்லாரும் பார்க்க நடந்து திரும்பும்போது “அணியின் கையிருப்பில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்” என்பது அதற்கு ஆறுதலாகாது. அதைப் பொறுத்தவரை அவுட் ஆனது அணி அல்ல, அதுதான்.

பிள்ளைகளுக்கு அவுட் வேண்டுமா?

இங்கிருந்துதான் கல்வியாளர்களின் விவாதம் கிளம்புகிறது. 1992-இல் அமெரிக்க உடற்கல்வியாளர் நீல் வில்லியம்ஸ், பள்ளிகளில் ஆடக்கூடாதவை என்று சில ஆட்டங்களை ‘அவமானக் கூடத்தில்’ வைத்தார். எறிபட்டவர் வெளியேறும் டாட்ஜ்பால் அதில் முதன்மையானது. அவர் வாதம் எளியது: பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் அவுட் ஆகி ஓரத்தில் உட்கார்கிறது. இதே நோக்கில் பந்தைக் கம்பத்தின்மேல் வைத்து அடிக்கும் டீ-பால் ஆட்டத்தில் பல இடங்களில் மிகச் சிறியவர்களுக்கு அவுட்டையே எண்ணுவதில்லை; எல்லாரும் ஒரு முறை அடித்தபின் இடம் மாறுகிறார்கள்.

வில்லியம்ஸின் வாதம் காமினி வகை ஆட்டங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அமர் வகைக்கு அந்த அளவு பொருந்துமா என்பது சந்தேகம். பேஸ்பாலில் அவுட் ஆன பிள்ளைக்கு மீண்டும் முறை வருகிறது. பேஸ்பாலையும் அதே கூண்டில் ஏற்றுவது அவசரம் என்றே தோன்றுகிறது.

எதிர்ப்பக்கத்தில் உளவியலாளர் ழான் பியாஜே. 1932-இல் சுவிட்சர்லாந்துச் சிறுவர்களின் கோலி ஆட்டத்தை வைத்து அவர் சொன்னது: சின்ன வயதில் விதி என்பது பெரியவர்கள் இட்ட மாறாத கட்டளை, பத்துப் பன்னிரண்டு வயதில்தான் அது தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு என்பது விளங்குகிறது. அப்படியானால் அவுட்டா இல்லையா என்று கத்திச் சண்டை போடுவதே ஒரு கல்வி. பெரியவர்கள் அவுட்டை நீக்கிவிட்டால் சண்டையும் போகும், கல்வியும் போகும். பியாஜே பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் ஆட்டத்தையே பார்த்தார் என்பது பிற்கால விமர்சனம். பாண்டி போன்ற ஆட்டங்களை இன்னும் ஊன்றிப் பார்த்திருந்தால், எதிரணியே இல்லாமல் ஒரு கோடும் ஒரு சில்லுமே நடுவராக இருக்கும் அவுட்டைப் பற்றியும் அவர் யோசித்திருக்கக்கூடும்.

தமிழ்த் தெரு இந்த விவாதத்துக்குள் போகாமலே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டைக்கு வந்த சின்னப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடும், அடிக்கும், ஆனால் அவுட் ஆகாது. பெயர் இன்றைய காதுக்கு உறுத்தும். ஏற்பாடு என்னவோ டீ-பாலைவிட நுட்பமானது. டீ-பால் எல்லாருக்கும் விதியைத் தளர்த்துகிறது. தெருவோ பெரியவர்களுக்கு விதியை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒருவருக்கு மட்டும் விலக்குத் தருகிறது. அதன் குறை அந்தப் பிள்ளைக்கே தெரியும்: தன்னால் அவுட் ஆக முடியாது என்றால் தன் ஆட்டமும் கணக்கில் இல்லை. “என்னையும் அவுட் ஆக்கு” என்று அது அழத் தொடங்கும் நாளில் விலக்கு முடிகிறது.

உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பு அறிமுகப்படுத்திய ‘பேஸ்பால்5’ இடைப்பட்ட ஒரு விடை. கியூபத் தெரு ஆட்டங்களின் சாயல் கொண்டது. மட்டை இல்லை, கையுறை இல்லை. ரப்பர் பந்தைக் கையாலேயே அடித்து ஓட வேண்டும். அணிக்கு 5 பேர், 5 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட். பேஸ்களுக்கிடையே 13 மீட்டர்தான். பெரிய ஆட்டத்தில் அது 27.43. பிட்சரே இல்லாததால் மூன்று ஸ்ட்ரைக் என்ற பேச்சும் இல்லை. ஆனால் ஃபோர்ஸ் அவுட், டேக் இரண்டும் அப்படியே இருக்கின்றன. பந்து தரையில் படாமல் எல்லைக்கு மேல் பறந்தால் சிக்ஸரோ ஹோம் ரன்னோ அல்ல, அவுட். பக்கத்து வீட்டுக்குள் அடித்தால் அவுட் என்று விதி வைத்திருக்கும் எந்தச் சந்துக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 2026 டக்கார் இளையோர் ஒலிம்பிக் போட்டிப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது.

தீராதவை

மேற்கண்டவற்றை எடைபோட்டால், விருத்தாசலத்துப் பிள்ளைக்கு அமர் கபடியில் தொடங்கி, ஏழு கல் வழியாக டேக், ஃபோர்ஸ் அவுட்டுக்கு வந்து, மூன்று ஸ்ட்ரைக்கைக் கடைசியில் சொல்வது நல்ல வரிசையாகப் படுகிறது. கையேடுகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கிரிக்கெட்டை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. பந்தும் ஆளும் பந்தயம் ஓடுவதைக் காட்ட அது போதும். ஆனால் அமர் என்ற வடிவமே மறைந்துவரும் நிலையில், ஒன்றை விளக்க இன்னொன்றை முதலில் ஆடிக் காட்ட வேண்டியிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஏன் மூன்று அவுட் என்பதற்கும் முடிந்த விடையில்லை. நிக்கர்பாக்கர் விதிகள் எண்ணைச் சொல்கின்றன, காரணம் சொல்வதில்லை. மாசசூசெட்ஸின் ஒரு அவுட்டுக்கும் கிரிக்கெட்டின் பத்து விக்கெட்டுக்கும் நடுவே அது நிலைபெற்றது என்று மட்டுமே சொல்லலாம். கேட்ச் என்றால் அவுட் என்பதுகூட இயற்கை விதியல்ல; பின்லாந்தின் பேஸ்பால் வகையான பெசாபல்லோவில் உயர்ந்த பந்தைப் பிடித்தால் ஓட்டக்காரர்கள் ‘காயம்பட்டவர்’ ஆவார்கள், மூன்று அவுட் கணக்கில் அது சேராது.

கடைசியாக, பிள்ளைகள் தவறாமல் கேட்கும் ஒன்று: பந்தும் ஆளும் ஒரே நேரத்தில் வந்தால்? “சமம் என்றால் ஓட்டக்காரருக்கு” என்பது அமெரிக்க மைதானங்களின் வாய்வழக்கு. முதல் பேஸ் பற்றிய விதி, அடித்தவர் எட்டுமுன் பேஸ் மிதிபட்டால் அவுட் என்கிறது; அப்படியானால் சமம் என்பது சேஃப். ஃபோர்ஸ் ஆன மற்ற ஓட்டக்காரர் பற்றிய விதியோ, பேஸ் மிதிபடுமுன் அவர் எட்டத் தவறினால் அவுட் என்று நெடுங்காலம் சொல்லிவந்தது. அப்படியானால் சமம் என்பது அவுட். சமம் என்று ஒன்றே கிடையாது, ஏதாவது ஒன்று முந்தித்தான் இருக்கும் என்று நடுவர்கள் பலர் இதைத் தட்டிக்கழிக்கிறார்கள். 2014-இல் அமெரிக்கப் பெரிய லீக்குகளில் காணொளி மறுபரிசீலனை விரிவானபின் அந்தப் பதில் முன்போல் எடுபடுவதில்லை. ஒரே சட்டகத்தில் காலும் பேஸில் இருக்கிறது, பந்தும் கையுறைக்குள் இருக்கிறது. அப்படிப்பட்ட காட்சிகளில் களத்தில் முதலில் சொன்ன தீர்ப்பையே நிற்கவிடுகிறார்கள்.